அகலக்கற்றையும் அரசாங்கத்தின் கடமையும்
(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இச்சபையில் கல்வி வளர்ச்சியைப் பற்றியும், கைத்தொழிலைப் பற்றியும், கலியாணச் செலவைச் சுருக்குவதைப் பற்றியும் பல பிரசங்கங்கள் கேட்டிருக்கிறீர்கள். இவ்வாண்டு யாம் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்குப் புதுமையாகத் தோன்றக்கூடும். தேசம் முழுவதற்கும் இணையக் கம்பி இழுக்கும் வேலையில் அரசாங்கம் பணம் போடுவது நியாயமா, போட்டால் எவ்வாறு போடவேண்டும் என்பதே அப்பொருள். "இது கம்பெனிக்காரர்களும் மந்திரிகளும் பார்த்துக்கொள்ளவேண்டிய காரியமாயிற்றே, நமது சங்கத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று நிர்வாக சபையிலேயே ஓர் அன்பர் கேட்டார். கேள்வி நியாயமானதே. யாம் நேரிற் கண்ட ஒரு நிகழ்ச்சியை முதலிற் கூறிப் பிறகு விஷயத்துக்கு வருகிறோம்.

சென்ற ஆண்டு, சங்கத்தின் கல்வி நிதிக்கு வந்த மனுக்களை விசாரிக்கும்பொருட்டுச் சில கிராமங்களுக்குப் போயிருந்தோம். அவற்றுள் ஓர் ஊரில், பன்னிரண்டாம் வகுப்பில் உயர்ந்த மதிப்பெண் பெற்றுத் தேறிய ஒரு பெண் வீட்டிலேயே இருந்தாள். "கல்லூரியில் சேரவில்லையா, அம்மா?" என்று வினவினோம். அவள் தலைகுனிந்தாள். தகப்பனார் விஷயத்தைச் சொன்னார். விண்ணப்பத்தை இணையத்தின் வழியாகவே அனுப்பவேண்டியிருந்தது. வீட்டிலிருந்த ஒரே கைபேசியில் மூன்று நாட்கள் முயன்றார்கள். சான்றிதழ்களின் படங்களை ஏற்றும்போதெல்லாம் அது பாதியில் நின்றுபோயிற்று. கடைசி நாளன்று பஸ் ஏறி நகரத்துக் கணினிக் கடைக்குச் சென்றார்கள். அங்கே வரிசையில் நின்று இவர்கள் முறை வருவதற்குள் கெடு கடந்துவிட்டது. "படிப்பிலே ஒரு குறையும் இல்லீங்க ஐயா. ஊர்லே நெட் இல்லாததுதான் குறை" என்றார் அவர்.

ஆனால் அவ்வூருக்குக் கம்பி வராமலில்லை. மறுநாட் காலை ஊராட்சிக் கட்டடத்துக்குச் சென்றபோது, சுவரில் ஓர் இரும்புப் பெட்டி பொருத்தப்பட்டிருக்கக் கண்டோம். அதனுள் ஒளியிழைக் கம்பியோடு இணைக்கும் கருவி இருந்தது, விளக்கு எரியவில்லை. அங்கிருந்த பணியாளரை விசாரித்தோம். "ரோட்டை அகலப்படுத்தும்போது கம்பத்தை மாத்தினாங்க. அப்போ கம்பி அறுந்துபோச்சு. எழுதிப் போட்டிருக்கோம்" என்று விடை கிடைத்தது. எழுதிப் போட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்பதை அவராற் சொல்லக்கூடவில்லை.

மகாஜனங்களே! அப்பெட்டியை வாங்கிய பணம் யாருடையது? அது அந்தத் தகப்பனாருடைய பணமேயாகும். இஃது எங்ஙனம் என்பதை விளக்குவதே இன்றைய எமது முதல் வேலை.

முதலில் இந்த வலைப்பின்னல் எத்தகையது என்பதைச் சிறிது தெளிவாக்குவோம். நம்மவர் நீர்ப்பாசனம் அறிந்தவர்களாதலின் அவ்வழியாகவே சொல்லுகிறோம். அணையிலிருந்து பெரிய வாய்க்காலும், அதிலிருந்து கிளை வாய்க்கால்களும், கிளையிலிருந்து மடைகளும் பிரிந்து, முடிவில் வயலுக்குத் தண்ணீர் பாய்கிறதல்லவா? இணையமும் அவ்வாறே பாய்கிறது. வெளிநாடுகளிலிருந்து கடலடிக் கம்பிகள் வந்து கரையேறும் துறைகளுள் நமது சென்னையும் ஒன்று. சிங்கப்பூரையும் சென்னையையும் நேரே இணைக்கும் கம்பி 2002ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அங்கிருந்து பெருங்கம்பிகள் மாவட்டத் தலைநகரங்களுக்குச் செல்லுகின்றன. அவற்றிலிருந்து ஒன்றியத் தலைமையிடங்களுக்கும், பின்னர் ஊராட்சிகளுக்கும், இறுதியாக வீடுகளுக்கும் செல்லவேண்டும். தலைமடைக்குத் தண்ணீர் தானே வந்துவிடும். கடைமடைக்கு வருவதுதான் அரிது. அகலக்கற்றை என்றும் பிராட்பேண்டு என்றும் வழங்கும் இவ்விஷயத்திலும் தகராறெல்லாம் கடைமடையைப் பற்றியதேயாகும்.

கம்பெனிகள் ஏன் கடைமடைக்குப் போவதில்லை? அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. முதல் போட்டவன் லாபம் பார்ப்பது இயல்பே. ஒளியிழைக் கம்பியின் விலை அதிகமன்று. பள்ளம் தோண்டுவதும், கம்பம் நடுவதும், சாலையைக் கடக்க அனுமதி பெறுவதுமே பெருஞ்செலவு. நகரத்தில் ஒரு தெருவில் நூறு வீடுகள் இருந்தால் அச்செலவு நூறு பங்காகப் பிரியும். காட்டு வழியே ஐந்து கிலோமீட்டர் கம்பி இழுத்துச் சென்று நாற்பது வீடுகளை அடைந்தால், அவ்வளவு செலவும் நாற்பது பேர் தலையில் விழும். அந்த நாற்பது பேரும் ஏழைகளாயின் கம்பெனி அவ்வழியே எட்டிப் பாராது.

இதற்கு ஓர் உதாரணம் கூறுவோம். அந்தமான் தீவுகளுக்கு நெடுங்காலம் வானத்துச் செயற்கைக்கோள் வழியாகவே இணையம் சென்றது. அது மிகக் குறைந்த அளவினது. சென்னையிலிருந்து போர்ட் பிளேயருக்கும் வேறு பல தீவுகளுக்கும் ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பி இடப்பட்டு, 2020ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் திறந்துவைக்கப்பட்டது. செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். 2011ஆம் ஆண்டின் ஜனக்கணக்குப்படி அத்தீவுகளின் ஜனத்தொகை 3 லட்சத்து 80 ஆயிரம். தலைக்கு 32 ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. எந்த வியாபாரி இம்முதலைப் போடுவான்? அரசாங்கமே போட்டது. அத்தீவினரும் இத்தேசத்தின் பிரஜைகள் என்பதே அதற்குக் காரணம். வேறு காரணம் வேண்டுவதில்லை. தபாலும் இவ்வாறே. சென்னையிற் பக்கத்துத் தெருவுக்குப் போகும் கார்டுக்கும் இமயமலை அடிவாரத்துக்குப் போகும் கார்டுக்கும் ஒரே விலைதானே! லாபம் கிடைக்குமிடத்தில் மட்டும் தபாற்காரன் போவது என்று வைத்திருந்தால் நம் பாட்டன்மார் பலர் கடிதத்தையே கண்டிரார்.

நிற்க. இனிப் பணத்தின் கதையைக் கேளுங்கள். தொலைபேசித் தொழிலில் தனியார் கம்பெனிகள் நுழைந்தபோது, இலாபமில்லாத கிராமங்கள் கைவிடப்படலாகாது என்று கருதி 1999ஆம் ஆண்டின் புதிய தொலைத்தொடர்புக் கொள்கையில் ஓர் ஏற்பாடு சொல்லப்பட்டது. அதன்படி 2002ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் எல்லோருக்கும் சேவை சேர்ப்பதற்கான பொதுநிதி ஒன்று ஏற்பட்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் அதற்குச் சட்ட பலமும் கிடைத்தது. தொலைபேசிக் கம்பெனிகள் தம் கணக்கிட்ட வருவாயில் நூற்றுக்கு 5 வீதம் இந்நிதிக்குச் செலுத்தவேண்டும். 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்மூலம் இதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் மாறியிருக்கிறது.

கம்பெனி அந்தப் பணத்தைத் தன் பெட்டியிலிருந்தா எடுத்துக் கொடுக்கிறது? நாம் கைபேசிக்குக் கட்டும் கட்டணத்தையே கம்பெனி வருவாயாகக் கொள்ளுகிறது. அதில் ஒரு பங்கே அந்நிதிக்குப் போகிறது. களையெடுத்த கூலியில் ரீசார்ஜ் செய்யும் பெண்ணும், கோட்டை மாடிபோன்ற வீட்டில் வசிக்கும் தனவந்தரும் ஆகிய இருவருமே அந்நிதிக்குக் கொடுத்தவர்கள். ஆகவே கிராமத்துக்கு அரசாங்கம் கம்பி இழுப்பதை யாரோ இட்ட பிச்சையாக நினைக்கவேண்டாம். நாம் ஏற்கெனவே கட்டிவிட்ட பணத்துக்கு உரிய பொருளைக் கேட்கிறோம். அந்நிதியிற் சேர்ந்த தொகையனைத்தும் அவ்வவ்வாண்டே செலவாகாமல் தங்கியதும் உண்டு என்பதை நினைக்கும்போது, கேட்பது மேலும் அவசியமாகிறது.

அப்படியாயின், அரசாங்கம் பணம் போடவேண்டும் என்பது ஒருவாறு முடிந்தது. எவ்வாறு போடவேண்டும் என்பதே கடினமான கேள்வி. இதில் நம் தேசத்துக்கு ஒரு பழைய பாடம் உண்டு. ரயில் பாதை போட்ட காலத்தை நினைத்துப் பாருங்கள். 1849ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கிலாந்தின் ரயில் கம்பெனிகளோடு உடன்படிக்கை செய்துகொண்டார்கள். போட்ட முதலுக்கு நூற்றுக்கு 5 வீதம் வட்டி நிச்சயம். லாபம் அவ்வளவு வராவிட்டால் குறைந்ததை இந்திய வரிப்பணத்திலிருந்து கொடுப்பது என்பது நிபந்தனை. 1856ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடிய முதல் வண்டியும் இத்தகைய ஏற்பாட்டினாலேயே ஓடிற்று. விளைந்தது என்ன? செலவைச் சுருக்கினாலும் 5 வீதம், பெருக்கினாலும் 5 வீதம் என்றால் சிக்கனம் செய்பவன் யார்? செலவு வீங்கிற்று, குடியானவன் வரி கட்டி இலண்டன் பங்குதாரருக்கு வட்டி கொடுத்தான். இதைக் கண்டே 1869ஆம் ஆண்டில், இனி அரசாங்கமே நேராகப் பாதை போடுவது என்று தீர்மானித்தார்கள். பொதுப்பணத்தைப் போட்டு லாபத்தை மட்டும் தனியாருக்கு உறுதிசெய்வது தவறு என்பது அப்போதே தெரிந்த விஷயம்.

இக்காலத்திலும் இதனோடு ஒத்த ஒரு சோதனை நடந்தது. அதனைக் கூறுவதற்குமுன் நம் தேசத்துத் திட்டத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லவேண்டும். 2011ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மத்திய மந்திரிசபையார் இரண்டரை லட்சம் ஊராட்சிகளை ஒளியிழைக் கம்பியால் இணைக்கும் திட்டத்துக்கு அனுமதி தந்தார்கள். உத்தேசச் செலவு 20,000 கோடி ரூபாய். மேற்சொன்ன பொதுநிதியிலிருந்தே அது வருவது. 2012ஆம் ஆண்டில் இதற்கென ஓர் அரசாங்கக் கம்பெனி நிறுவப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் முடிப்பதாக எண்ணினார்கள். பின்னர் பாரத்நெட் என்று பெயர் மாறிய இத்திட்டத்தில், முதல் 1 லட்சம் ஊராட்சிகளுக்குக் கம்பி போய்ச் சேர்ந்தது 2017ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில்தான். அதன்பின் 2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், 16 மாநிலங்களில் தனியாரையும் சேர்த்துக்கொண்டு வேலை செய்வதென்றும், அவர்களுக்கு நேரும் குறையை ஈடுசெய்ய 19,041 கோடி ரூபாய் கொடுப்பதென்றும் தீர்மானித்தார்கள். ஒப்பந்தம் எடுக்க முன்வருவோர் இல்லாமையால் அம்முயற்சி கைவிடப்பட்டது. இறுதியில் 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், 1,39,579 கோடி ரூபாய் செலவில் திருத்திய திட்டம் ஒன்றுக்கு மந்திரிசபை அனுமதி அளித்தது.

நமது மாநிலத்தில் இவ்வேலையை மாநில அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. இதற்கெனத் தமிழ்நாடு பைபர்நெட் கார்ப்பரேஷன் 2018ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்டது. 12,525 கிராம ஊராட்சிகளை இணைப்பது அதன் வேலை. செலவு சுமார் 1,815 கோடி ரூபாய். பெரும்பாலும் மின்கம்பங்களின் மேலாகவே கம்பி செல்லும்படி ஏற்பாடு செய்தார்கள். பள்ளம் தோண்டும் செலவு இதனால் மிச்சமாகும். ஆனால் கம்பத்தை மாற்றும்போதும் புயல் அடிக்கும்போதும் கம்பிக்கு ஆபத்து அதிகம் என்பதையும் மறத்தலாகாது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிவது யாது? பணம் போதவில்லை என்பது மட்டும் குறையன்று. முதற்கட்டத்துக் கம்பிகள் மரத்தின் கிளைபோல ஒன்றியத்திலிருந்து ஊருக்கு ஒற்றை வழியாகச் சென்றன. வழியில் ஓரிடத்தில் அறுந்தால் அதற்கப்பால் எல்லாம் இருள். திருத்திய திட்டத்தில் ஊராட்சிகளை வளையமாக இணைப்பதென்று வைத்திருக்கிறார்கள்; ஒரு பக்கம் அறுந்தாலும் மறு பக்கம் வழியாகச் செய்தி வரும். பத்து ஆண்டுகள் நடத்திப் பராமரிக்கும் பொறுப்பும் வேலையை எடுத்தவரையே சேரும் என்று விதித்திருக்கிறார்கள். இவ்விரண்டும் நல்ல திருத்தங்கள். ஆனால் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தே இவை தோன்றின என்பது வருந்தத்தக்கது. கம்பி இழுப்பதற்குப் பணம் ஒதுக்கினார்கள். இழுத்த கம்பியைக் காப்பதற்குப் போதிய ஏற்பாடு செய்யவில்லை. "சேவைக்குத் தயார்" என்று கணக்கில் எழுதப்பட்ட ஊர்கள் பலவற்றில் சேவை நடக்கவில்லை. யாம் கண்ட பெட்டியும் அத்தகையதே.

நம் முன்னோர் ஏரியை வெட்டியதோடு நிற்கவில்லை. ஆண்டுதோறும் கரையைச் செப்பனிடவும், மடையைத் தூர்வாரவும் குடிமராமத்து என்ற முறையை வைத்திருந்தார்கள். வெட்டியவன் புகழ் கல்வெட்டில் இருக்கும்; தண்ணீர் இருப்பதோ மராமத்துச் செய்தவன் கையில். அரசாங்கம் இவ்விஷயத்தில் ஒரு ரூபாய் கம்பிக்கு ஒதுக்கினால், அதைக் காப்பதற்கும் உரிய பங்கை அப்போதே ஒதுக்கியாகவேண்டும். திறப்பு விழாவுக்கு மாலை வாங்குவோர் பலர். அறுந்த கம்பியை ஒட்ட ஏணி எடுத்து வருவோர் சிலரே.

இவ்விடத்தில் வேறொரு தேசத்தின் அநுபவத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நலம். ஏனெனில் செல்வம் மிகுந்த நாடுகளிலும் இக்காரியம் எளிதாக முடியவில்லை. ஆஸ்திரேலியாவில் தொலைபேசி முழுவதும் அரசாங்கத்தின் உடைமையாக இருந்தது. 1997 முதல் 2006 வரையில் அதனை மூன்று தவணைகளாக விற்றுவிட்டார்கள். பிறகு, அக்கம்பெனியின் பழைய செம்புக் கம்பிகளைக் கொண்டு தேசம் முழுவதற்கும் விரைவான இணையம் தர இயலாது என்று கண்டு, 2009ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கெவின் ரட் என்பவருடைய அரசாங்கம் புதியதொரு பொதுக் கம்பெனியை நிறுவிற்று. நூற்றுக்குத் தொண்ணூறு கட்டடங்களுக்கு வாசல்வரையில் ஒளியிழை. 4,300 கோடி ஆஸ்திரேலிய டாலர்வரை செலவு என்பது திட்டம். அக்கம்பெனி வீட்டாருக்கு நேரே சேவை விற்பதில்லை. எல்லாச் சில்லறைக் கம்பெனிகளுக்கும் ஒரே நிபந்தனையிற் கம்பியை வாடகைக்கு விடும். நகரமாயினும் நாட்டுப்புறமாயினும் மொத்த விலை ஒன்றே. பாலைவனத்து வீடுகளுக்கென்றே இரண்டு செயற்கைக்கோள்களை 2015, 2016ஆம் ஆண்டுகளில் ஏவினார்கள்.

2013ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆட்சி மாறிற்று. புதிய அரசாங்கத்தார் செலவு அதிகமென்று சொல்லி, ஒளியிழையைத் தெருமுனைவரை கொண்டு வந்து, அங்கிருந்து வீட்டுக்குப் பழைய செம்புக் கம்பியையே உபயோகிப்பது என்று திட்டத்தை மாற்றினார்கள். 2,950 கோடி டாலரில் முடியும் என்றது அவர்கள் வாக்கு. முடிவில் ஏறக்குறைய 5,100 கோடி ஆயிற்று. 2020ஆம் ஆண்டில் வேலை முடிந்தது என்றார்கள். அதே ஆண்டிலேயே, செம்பை எடுத்துவிட்டு ஒளியிழை போடுவதையும் சேர்த்து 450 கோடி டாலரில் மறுபடியும் சீர்திருத்த வேலை தொடங்கிற்று. அதற்குப்பின் வந்த அரசாங்கம் 2022இல் 240 கோடியும், 2025இல் 300 கோடிவரையும் மேலும் ஒதுக்கிற்று. கூரையை ஓலையால் வேய்ந்துவிட்டு அடுத்த ஆண்டே ஓடு போட்டவன் இரண்டு செலவையும் செய்தவனாகிறான்.

அத்தேசத்தாரிடமிருந்து நாம் கற்கவேண்டியவை இரண்டு. நன்மையாவது, பொதுப்பணத்திற் போட்ட பாதை பொதுவாகவே இருக்கவேண்டும் என்பதும், அதில் எவர் வண்டியும் ஒரே சுங்கத்தில் ஓடலாம் என்பதும், கிராமத்தானுக்கு விலை ஏறலாகாது என்பதுமாம். தீமையாவது, முப்பது நாற்பது ஆண்டு நிற்கவேண்டிய ஒன்றை மூன்றாண்டுத் தேர்தலுக்கேற்ப மாற்றி மாற்றிக் கட்டியதாம். ஆட்சி எக்கட்சியினுடையதாயினும் தொடங்கியதை முறையாக முடிப்பது என்ற உறுதி வேண்டும்.

இனி எதிர்வாதங்களைக் கவனிப்போம். "கைபேசியில் இணையம் மலிவாகக் கிடைக்கிறதே, 2016ஆம் ஆண்டுக்குப் பின் விலை எவ்வளவோ இறங்கிவிட்டதே, கம்பி எதற்கு?" என்பர் சிலர். விலை இறங்கியது உண்மை. அதனால் ஏழைகளுக்கு விளைந்த நன்மையும் பெரிது. ஆனால் கைபேசிக் கோபுரத்துக்கும் பின்னாலே ஒளியிழைக் கம்பி வந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். ஒரு கோபுரத்தை ஊரார் அனைவரும் மாலையில் ஒருங்கே பயன்படுத்தினால் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது சொட்டு நீரே. 2020, 2021ஆம் ஆண்டுகளிற் பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்தபோது, சிக்னல் கிடைக்கும் மேட்டைத் தேடிப் பிள்ளைகள் மொட்டைமாடியிலும் மரத்தடியிலும் உட்கார்ந்திருந்ததை நாம் மறந்துவிடவில்லை. கைபேசி தாகத்துக்கு உதவும் குடத்து நீர். பயிர் செய்ய வாய்க்கால் வேண்டும்.

"அரசாங்கம் எடுத்த காரியம் உருப்படாது, உத்தியோகஸ்தர் சோம்பேறிகள்" என்பர் வேறு சிலர். யாம் கண்ட அணைந்த விளக்கே இவர்களுக்குச் சாட்சி சொல்லுமல்லவா? மறுக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வராவிட்டால் ஆசிரியரை வரச்செய்ய முயலுகிறோமேயன்றிப் பள்ளிக்கூடத்தை இடித்துவிடுவதில்லை. தனியார் வரவே மறுத்த வழியில் அரசாங்கமும் வாராதாயின் அவ்வூருக்கு வேறு கதி யாது?

ஆகவே அரசாங்கத்தின் கடமை என்று யாம் கருதுவது இதுவாகும். லாபம் உள்ள இடத்தைத் தனியாருக்கு விட்டு, இல்லாத இடத்துப் பாதையைப் பொதுப்பணத்தில் அரசாங்கமே போடுக. போட்ட பாதையை எல்லாருக்கும் ஒரே வாடகைக்குத் திறந்துவிடுக. காக்கும் செலவைத் தொடக்கத்திலேயே ஒதுக்குக. எந்த ஊரில் விளக்கு எரிகிறது, எந்த ஊரில் எத்தனை நாளாக அணைந்திருக்கிறது என்ற கணக்கை ஊர்ச் சாவடியில் எழுதி ஒட்டுக. கம்பி ஊராட்சிச் சுவரோடு நின்றுவிடாமல் பள்ளிக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், நூலகத்துக்கும், விரும்பும் வீடுகளுக்கும் செல்ல வழி செய்க.

கடைசியாக, நமது சங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இக்கூட்டத்துக்கு முன்பு ஒரு யோசனை எம் காதுக்கு வந்தது. நம்மவர் தொகையாக வசிக்கும் ஊர்களில் மட்டும் சங்கத்தின் பணத்தில் ஒரு மோடமும் ஒரு கணினியும் வைத்து நம் பிள்ளைகளுக்கென்று தனியிடம் ஏற்படுத்தலாம் என்பது அது. நல்ல எண்ணத்திற் பிறந்த யோசனைதான். ஆயினும் யாம் அதனை ஆதரிக்கவில்லை. ஒரு காலத்தில் இந்நாட்டிற் பொதுக் கிணறும் பொதுச் சாலையும் எல்லாத் தெருவாருக்கும் பொதுவாக இருக்கவில்லை. அதனால் விளைந்த அவமானத்தையும் நஷ்டத்தையும் இத்தேசம் இன்னும் சுமக்கிறது. ஒரு சாதிக்கென்று ஒரு கம்பி இழுக்க முடியாது; முடிந்தாலும் இழுத்தல் தகாது. ஒளியிழைக்குத் தெருவின் பெயர் தெரியாது. அதை எத்தெருவோடு நிறுத்துவது என்பதைத் தீர்மானிப்பவர் மனிதரே. ஊராட்சிக் கட்டடம் நம் தெருவில் இருந்தால் கம்பி நம் தெருவோடு நின்றுவிடலாகாது என்று முதலிற் கேட்கவேண்டியவர் நாமாக இருக்கவேண்டும். நம் பெண்ணுக்குக் கிடைக்கவேண்டும் என்பதில் எமக்கு எவ்வளவு ஆசையோ, ஊர்க்கோடிக் குடிசையிலுள்ள பெண்ணுக்கும் கிடைக்கவேண்டும் என்பதில் அவ்வளவு ஆசை இருந்தாலன்றி, பொதுப்பணத்தைக் கேட்கும் உரிமை நமக்கு இல்லை.

எனவே சங்கத்தின் பணத்தையன்று, சங்கத்தாரின் குரலையே யாம் கேட்கிறோம். நம் மாநிலத்திற் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்நாட்களில் நம்மவர் பலர் ஊரில் இருந்தும் சபைக்குப் போவதில்லை. இனிப் போகவேண்டும். போய், மூன்று கேள்விகளை மரியாதையாகக் கேட்டு, நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் செய்யவேண்டும். நம் ஊருக்குக் கம்பி வந்ததா? வந்தது இன்று வேலை செய்கிறதா? செய்யாவிட்டால் யாருக்கு, எந்தத் தேதியில் எழுதப்பட்டது? அடுத்த சபையில் மீண்டும் அதையே கேட்கவேண்டும். ஒருவர் கேட்டால் சண்டைக்காரர் என்பார்கள்; எல்லாத் தெருவாரும் சேர்ந்து கேட்டால் பதில் வரும். ஊர் கூடித்தானே தேர் இழுக்கவேண்டும்!

நாம் சொன்ன அந்தப் பெண் இவ்வாண்டு மறுபடியும் விண்ணப்பம் அனுப்பினாள். இம்முறை நகரத்திலுள்ள நம் சங்க அன்பர் ஒருவர் வீட்டில் இரண்டு நாள் தங்கி, முதல் நாளே அனுப்பிவிட்டாள், இடமும் கிடைத்தது. மகிழ்ச்சியே. ஆனால் ஓராண்டு போனது போனதுதான். அவளுக்கு நகரத்தில் ஒரு வீடு இருந்தது. இல்லாதவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? அவ்வூர்ப் பெட்டியில் விளக்கு எரியும் நாளே இக்கேள்விக்கு விடை கிடைக்கும் நாள். அந்த நாளை விரைவிற் கொண்டுவர ஒவ்வொருவரும் தம் தம் ஊர்ச் சபையில் வாய் திறக்கும்படி பிரார்த்தித்து அமர்கிறோம்.